அந்த வரிசையில் நிற்பவர்கள் தனியாகத்தான் நிற்கிறார்களா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். முப்பது வயதைத் தாண்டிய ஒரு ஜப்பானியர், மேடையில் பாடி ஆடும் ஓர் இளம்பெண்ணை, ஜப்பானில் "ஐடல்" என்று அழைக்கப்படும் இளம் நட்சத்திரங்களில் ஒருவரை, பார்த்துத் தேம்பித் தேம்பி அழும் காணொளியைப் பார்த்திருக்கிறீர்கள். பிறகு அந்தப் பெண்ணோடு சில நொடிகள் பேசுவதற்காக அவர் நீண்ட வரிசையில் நிற்கிறார். "ஜப்பான் இளைஞர்களுக்கு நண்பர்களே கிடையாதா? தனிமைதான் அவர்களை இப்படிப் பைத்தியமாக்குகிறதா? அரசாங்கம் ஏன் சும்மா இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒருவரை அந்த வரிசைக்குக் கூட்டிவருவது தனிமையா என்பது ஒன்று. அங்கே போய் நிற்பதால் அவருடைய தனிமை குறைகிறதா, கூடுகிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எல்லோரும் சட்டென்று "ஆமாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. பல வருட வேலைக்குப் பிறகு எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

நான் மனநல ஆலோசகர். டோக்கியோவை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில், மாணவர் ஆலோசனை அறையில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டவர்கள். சந்தோஷமாக இருக்கும் ரசிகர் என் கதவைத் தட்டமாட்டார். ஊரில் எத்தனை பேருக்குப் பல் நன்றாக இருக்கிறது என்று பல் மருத்துவரிடம் கேட்டால் அவர் சொல்லும் கணக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் என் கணக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அந்த "இளைஞர்" என்ற சொல்லைக் கொஞ்சம் திருத்த வேண்டும். சின்ன அரங்குகளில் நடக்கும் பெண் ஐடல் நிகழ்ச்சிகளுக்குப் போனால், முன்வரிசையில் நாற்பது, ஐம்பது வயது ஆண்களைத்தான் நிறையப் பார்ப்பீர்கள். அவர்களில் பலர் 1990-களின் நடுவிலிருந்து 2000-களின் தொடக்கம் வரை படிப்பு முடித்து வெளியே வந்தவர்கள். ஜப்பானில் அந்தக் காலத்தை "வேலைவாய்ப்பின் பனியுகம்" என்பார்கள். கல்லூரி முடித்த கையோடு நிரந்தர வேலை கிடைக்காவிட்டால், பிறகு கிடைப்பது குதிரைக்கொம்பு என்கிற அமைப்பு அது. இன்றைய இளைஞர்களைப் பொறுத்தவரை கூட்டம் பெண்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆண் ஐடல்கள், கொரியக் குழுக்கள், அனிமே பாத்திரங்கள், குரல் நடிகர்கள் என்று ஆளுக்கொரு "ஓஷி" வைத்திருக்கிறார்கள். தள்ளுவது, பரிந்துரைப்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல் அது. நாம் பின்னால் நின்று முன்னே தள்ளிவிட விரும்பும் ஆள்தான் ஓஷி. அதற்காகச் செய்யும் எல்லாவற்றுக்கும் "ஓஷிகட்சு" என்று பெயர். 2021-இல் அந்த ஆண்டின் புதுச்சொல் விருதுக்கான பட்டியலில் இந்தச் சொல்லும் இருந்தது. இன்று நூறு யென் கடைகளில் ஓஷிகட்சுப் பொருள்களுக்கென்றே தனி அலமாரி வைத்திருக்கிறார்கள். காப்பிக் கடையில் ஒரு பெண் தன் ஓஷியின் உருவம் பதித்த சின்ன அக்ரிலிக் பலகையைக் கேக்குக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பது இங்கே அன்றாடக் காட்சி. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தக் கூட்டம் முழுவதையும் நோயாளிகள் என்று சொன்னால், பாதி வகுப்பறையை நான் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

சரி, வியாபாரத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஐடல்கள் தொலைக்காட்சிக்குள் வாழ்ந்தார்கள், ரசிகர்கள் இந்தப் பக்கம் இருந்து பார்த்தார்கள். அந்தத் தூரத்தை வெகுவாகக் குறைத்தது ஏகேபி48 குழு. 2005 டிசம்பரில், டோக்கியோ அகிஹாபாராவில் ஒரு தள்ளுபடிக் கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில், சுமார் 250 பேர் கொள்ளும் சொந்த அரங்கில் தொடங்கினார்கள். "நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஐடல்" என்பதுதான் அதைத் தொடங்கிய அகிமோத்தோ யசுஷியின் யோசனை. பிறகு, சிடி வாங்கினால் ஐடலோடு கைகுலுக்க ஒரு சீட்டு என்று வந்தது. ஒரு சீட்டுக்குச் சில நொடிகள். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் கூடுதல் சிடி வாங்க வேண்டும். 2009 முதல் 2018 வரை ஆண்டுதோறும் ரசிகர்களே வாக்களித்து உறுப்பினர்களை வரிசைப்படுத்தும் தேர்தலும் நடந்தது. வாக்குச்சீட்டும் பெரும்பாலும் சிடிக்குள்தான் இருந்தது. 2017-இல் முதலிடம் பெற்றவருக்கு 2,46,376 வாக்குகள் விழுந்தன. அத்தனை சிடியையும் யார் கேட்பது? அதே ஆண்டு ஃபுகுவோகா மாகாணத்தில், 500-க்கும் மேற்பட்ட சிடிக்களை மலைப்பகுதியில் கொட்டிவிட்டுப் போன ஒருவர்மேல் வழக்குப் போட்டார்கள். சீட்டை எடுத்துக்கொண்டபின் சிடி வெறும் குப்பை.

சின்னக் குழுக்கள் பலவற்றுக்குப் பெரிய அளவில் சிடி விற்க வசதி கிடையாது. அடித்தள அரங்குகளில் ஆடும் அவர்களை "நிலத்தடி ஐடல்" என்கிறார்கள். அவர்களுக்குச் சோறு போடுவது "செக்கி". அதாவது எடுத்த இடத்திலேயே வெளியே வரும் உடனடிப் புகைப்படம். நிகழ்ச்சி முடிந்ததும் மடக்குமேசை போடுவார்கள். பெரும்பாலும் 1,000 முதல் 2,000 யென் கொடுத்தால், ஐடலோடு சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். படம் தெளிந்து வரும் அந்த ஒரு நிமிடம்தான் உண்மையில் நீங்கள் வாங்கியது. அந்த நேரத்தில் அந்தப் பெண் படத்தின் வெள்ளை ஓரத்தில் தேதி, உங்கள் பெயர், ஒரு வரி எழுதிக்கொண்டே உங்களோடு பேசுவார். நேரம் முடிந்ததும் பின்னால் நிற்கும் ஊழியர் தோளில் கை வைத்து நகர்த்துவார். அந்த வேலைக்கு "ஹகாஷி" என்று பெயர், ஒட்டியதை உரித்தெடுப்பது என்று அர்த்தம்.

என்னிடம் வந்த ஒரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வடகிழக்குப் பகுதியின் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவர், இரண்டாம் ஆண்டு. வருகைப்பதிவு குறைந்ததால் துறையிலிருந்து அனுப்பி வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டை எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, நூலகத்தின் மூன்றாவது மாடிக் கழிப்பறையில் என்றார். தனியாகச் சாப்பிடுவதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் கழிப்பறைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லே இருக்கிறது, "பென்ஜோ மெஷி". ஒரு சொல் உருவாகும் அளவுக்குப் பழகிப்போன விஷயம்.

மூன்றாவது சந்திப்பில் அவர் தன் செக்கி ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு படமும் தனித்தனி உறையில், தேதி வரிசையில் இருந்தது. முதல் படத்தைக் காட்டி, "பாருங்கள், இதில் என் பெயரில் ஓர் எழுத்துத் தப்பு" என்றார். இரண்டாவது படத்தில் பெயரே இல்லை. மூன்றாவதில், கேட்டு எழுதியது. நான்காவது படத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றைக்கு அந்தப் பெண், அவர் வாய் திறப்பதற்கு முன்பே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ரோஸ் நிறப் பேனாவால் சரியாக எழுதிக் கொடுத்திருந்தார். "ஸ்டேஷன் வரைக்கும் ஓடினேன்" என்றார் மாணவர். "இந்த ஊருக்கு வந்து எட்டு மாதத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள்." ரசிகர்கள் இதை "நிஞ்சி" என்பார்கள். ஐடல் நம்மை அடையாளம் கண்டுகொள்வது. அவர் காசு கொடுத்துக் காதலை வாங்கினார் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அந்த அறையில் உட்கார்ந்து ஆல்பத்தைப் பார்த்த எனக்கு, ஒரு மனிதர் தன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகத்தான் தோன்றியது.

இப்போது தனிமை. உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. ஜப்பான் அரசு 2021 பிப்ரவரியில் தனிமை, ஒதுங்கி வாழ்தல் ஆகியவற்றைக் கவனிக்க ஓர் அமைச்சரை நியமித்தது. இதற்கான தனிச் சட்டம் 2023-இல் நிறைவேறி, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அரசின் கணக்கெடுப்பில், அடிக்கடி தனிமையை உணர்வதாகச் சொன்னவர்களின் விகிதம் முதியவர்களைவிட இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்களிடம் கூடுதலாக இருந்தது பலருக்கு அதிர்ச்சி. 2021-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 34 வயது வரையுள்ள மணமாகாத ஆண்களில் சுமார் 72 சதவீதம் பேருக்கும் பெண்களில் சுமார் 64 சதவீதம் பேருக்கும் காதல் துணை இல்லை. பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே வராமல் மாதக்கணக்கில் ஒடுங்கிக் கிடக்கும் "ஹிகிகொமோரி" நிலையில் 15 முதல் 64 வயது வரை சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருப்பதாக 2023-இல் வெளியான அரசு மதிப்பீடு சொன்னது.

இந்த எண்களை எடுத்து ஐடல் ரசிகர்களோடு முடிச்சுப் போடுவது ரொம்பச் சுலபம். காணொளி தயாரிப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். ஹிகிகொமோரி என்பவர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர். வாரத்துக்கு மூன்று நிகழ்ச்சிக்கு ரயில் ஏறி, வியர்க்க வியர்க்கக் குதித்துவிட்டு வருபவர் அதற்கு நேர் எதிர். துணை இல்லாத லட்சக்கணக்கான பேரும் செக்கி வரிசையில் வந்து நிற்பதில்லை. நம்மை அறியாத ஒரு பிரபலத்தோடு நாமாகவே ஒரு நெருக்கத்தை உணர்வதைப் பற்றி உளவியலில் 1956-லிருந்தே எழுதிவருகிறார்கள். தனிமையில் இருப்பவர்களுக்கு அந்த நெருக்கம் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடினார்கள். 1985-இல் அமெரிக்காவில் தொலைக்காட்சிச் செய்தி பார்ப்பவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை. பிறகு வந்தவற்றில் சிலவற்றில் கிடைத்தது, சிலவற்றில் இல்லை. கிடைத்த இடத்திலும் தனிமை முந்தியதா, ரசனை முந்தியதா என்று ஒரே தடவை எடுத்த கணக்கெடுப்பை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே "தனிமைதான் காரணம்" என்பது இன்றைய நிலையில் ஓர் ஊகம். நியாயமான ஊகம்தான், என் மாணவர்கள் சிலருக்கு அது பொருந்தவும் செய்கிறது. அதற்கு மேல் அதைத் தூக்கிப்பிடிக்க நான் தயாராக இல்லை.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் காணொளி எடுப்பதில்லை. அந்த மாணவரின் சம்மதத்தோடு ஒருநாள் அப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். மேடையைவிட எனக்குக் கூட்டத்தின் பின்பக்கம்தான் சுவாரசியமாக இருந்தது. ஓர் உறுப்பினரின் பிறந்தநாள் நிகழ்ச்சி அது. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே நிற ஒளிக்குச்சியைக் கொடுத்து, எந்தப் பாட்டின் எந்த வரியில் உயர்த்த வேண்டும் என்று அச்சடித்த துண்டுச்சீட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். செலவு முழுக்க ரசிகர்கள் பணம் போட்டுச் செய்தது. நிகழ்ச்சி முடிந்ததும் ஏழெட்டுப் பேர் பக்கத்து மலிவு உணவகத்துக்குப் போனார்கள். அன்றைய ஆட்டத்தை வரிவரியாக அலசுவார்களாம். அதற்கு "கன்சோசென்" என்று பெயர். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி ஆட்டம் முடிந்தபின் எதிரெதிரே விளையாடிய இருவரும் உட்கார்ந்து காய் நகர்த்தல்களைத் திரும்பிப் பார்ப்பதற்கு உள்ள சொல்லை ரசிகர்கள் இரவல் வாங்கியிருக்கிறார்கள். அங்கே ஒருவரை ஒருவர் புனைபெயரில்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். எந்தக் கம்பெனி, என்ன பதவி, எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கவில்லை. பெயர் அட்டையை இரண்டு கையாலும் நீட்டாமல் பேச்சே தொடங்காத ஊரில், இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இங்கே வேலை பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள். வேலையில் தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே வறுத்த உருளைக்கிழங்குத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால்தான் நான் இப்போதெல்லாம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறேன். எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதற்கு முன்னால், "நிகழ்ச்சி முடிந்து யாரோடு சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பேன். பதிலில் இரண்டு பெயர் வந்தால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும். "யாரோடும் இல்லை, நேராக அறைக்கு வந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றால்தான் நிமிர்ந்து உட்காருவேன். ரசிகர்கள் மத்தியிலேயே இதற்குச் சொற்கள் உண்டு. ஐடலை உண்மையாகவே காதலிப்பது "கச்சிகோய்". தன் ஓஷிக்கே ரசிகராக இருக்கும் இன்னொருவரைச் சகிக்க முடியாமல் ஒதுக்குவது "டோத்தான் கியோஹி". இரண்டும் நோயின் பெயர்கள் அல்ல. பலர் கொஞ்ச காலம் அப்படி இருந்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். ஆனால் கூட்டாளிகள் எல்லோரும் போட்டியாளர்களாகத் தெரியத் தொடங்கும்போது, ஒருவரைத் தாங்கிக்கொண்டிருந்த வலை அறுந்துபோகிறது. மிஞ்சுவது அவரும், அந்த ஒரு நிமிடமும், அடுத்த நிமிடத்துக்கான பணமும்தான்.

அந்த மாணவருக்கும் அதுதான் நடந்திருந்தது. கோடையில் அவர் கன்சோசென்னுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். இரவில் கன்வீனியன்ஸ் கடையில் வேலை பார்த்து, ஒரே நாளில் பத்துப் பதினைந்து செக்கி எடுத்தார். எந்தப் படிப்புக்காக ஊரைவிட்டு வந்தாரோ அதற்கான கல்விக்கடனில் கை வைத்தார். அப்புறம் ஒருநாள், முன்னால் நின்றவரின் படத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். "நீங்கள் இருப்பதால்தான் என்னால் பாட முடிகிறது" என்று அதில் எழுதியிருந்தது. அதே வரி, அதே ரோஸ் பேனா, அவர் ஆல்பத்திலும் இருந்தது. நான்கு நாள் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்து, ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார்.

இந்த இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்ணையும் நினைக்க வேண்டும். அவருக்கும் ஏறக்குறைய இதே வயதுதான். ஒரு மாலையில் பல பேருடைய பெயர்களை நினைவில் வைத்து, ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு வரி எழுதச் சொன்னால் யாரால் முடியும்? பல குழுக்களில் காதலிக்கத் தடை உண்டு. 2015-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், அந்த விதியை மீறிய ஒரு முன்னாள் ஐடலைச் சுமார் 6 லட்சத்து 50 ஆயிரம் யென் இழப்பீடு தரச் சொன்னது. 2016 ஜனவரியில் அதே நீதிமன்றத்தில் வந்த வேறொரு வழக்கின் தீர்ப்பு, காதலிப்பது மனிதரின் மகிழ்ச்சியைத் தேடும் உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லி, நிறுவனம் கேட்ட இழப்பீட்டை மறுத்தது. அந்த இரண்டாவது தீர்ப்பைப் படித்தபோது எனக்கு மூச்சு வந்தது போலிருந்தது. ரசிகரின் தனிமைக்காக நாம் இரங்கும்போது, அதை ஆற்றும் வேலையை ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் தலையில் கட்டுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆபத்து உண்மையானது என்பதையும் மறைக்கமாட்டேன். 2016 மே மாதம் டோக்கியோவின் கொகனேய் நகரில், பாடகியாக இருந்த 20 வயதுக் கல்லூரி மாணவி ஒருவரை, சமூக வலைத்தளத்தில் செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஒருவர் கத்தியால் பலமுறை குத்தினார். அந்தப் பெண் முன்கூட்டியே காவல்துறையிடம் சொல்லியும் இருந்தார். அதன் பிறகுதான், அந்த ஆண்டு டிசம்பரில், சமூக வலைத்தளச் செய்திகளும் பின்தொடர்தல் குற்றத்துக்குள் வரும்படி சட்டத்தைத் திருத்தினார்கள். இப்படிப்பட்டவர்கள் மிக மிகக் குறைவு. ஆனால் அவரைப் போன்றவரைப் பார்த்து "தனிமையில் வாடிய ரசிகர்" என்று எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. தனிமையில் இருக்கும் பெரும்பாலானவர்கள் யாரையும் தொட்டுக்கூடத் துன்புறுத்துவதில்லை.

அரசு சும்மா இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஒரு கலைஞரை நேசிப்பதை எந்த அரசாலும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. காதல் உணர்வைப் பிடித்துக்கொண்டு பணம் கறப்பதைத் தடுக்கலாம். ஆண்கள் பெண் வாடிக்கையாளர்களோடு உட்கார்ந்து பேசி மது விற்கும் இடங்கள் ஹோஸ்ட் கிளப்புகள்; இளம்பெண்களைக் கடனில் தள்ளும் அவற்றுக்கு எதிராக 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் அதைத்தான் செய்கிறது. ஐடல் மேசைகளுக்கு அது பொருந்தாது. ஒரே நாளில் இருபது செக்கி எடுக்க வரும் பள்ளி மாணவிக்கு விற்கக் கூடாது என்று ஏதாவது ஓர் எல்லை இங்கேயும் வேண்டும் என்பது என் கருத்து. நோயா என்று கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டுக் கோளாறு இருக்கிறது, ஐடல் மோகம் என்று ஒன்று இல்லை. நாங்கள் பார்ப்பது தூக்கம், படிப்பு, கடன், சாப்பாடு, கூட இருக்கும் மனிதர்கள். அங்கே ஓட்டை இருந்தால் அதை அடைப்போம்.

அந்த மாணவரிடம் நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் அப்போது இருந்தது அது ஒன்றுதான், அதையும் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டே செக்கி, மிச்சக் காசில் கன்சோசென் என்று பேசி முடிவு செய்தோம். முதல் வாரம் போகவில்லை. இரண்டாவது வாரம் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். மூன்றாவது வாரம், ஒளிக்குச்சி கொடுத்த அந்த நாற்பது வயதுக்காரர் அவரைப் பார்த்துவிட்டு, எங்கே போயிருந்தாய் என்றுகூடக் கேட்காமல், நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாராம். அடுத்த ஆண்டு அந்தக் குழு கலைந்தது. கடைசி நிகழ்ச்சியில் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் முதல் தடவையாக, உங்கள் பெயரைக் கான்ஜியில், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில், எப்படி எழுதுவது என்று கேட்டு, பார்த்துப் பார்த்து எழுதினாராம். ஆறு மாதம் கழித்து வேலை நேர்காணலுக்குப் போகிற வழியில் என் அறைக்கு வந்தார். கழுத்தில் டை ஒழுங்காக இருந்தது. யார் கட்டிவிட்டது என்று கேட்டேன். முந்தின இரவு அந்த உணவகத்தில் மூன்று பேர் சேர்ந்து கற்றுக்கொடுத்தார்கள், எட்டாவது தடவைதான் சரியாக வந்தது என்றார்.